பத்து நிமிஷ வேலை

சித்திரை வெயிலுக்கு மதுரையில் யாரும் நன்றி சொல்லிக் கேட்டதில்லை. நான் ஒரு தடவை சொல்லியிருக்கிறேன், வாய்விட்டே.

மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழாத மூலையில், ஒரு பழைய வெள்ளை மடிக்கணினியின் மேல்பாகத்தைக் காயவைத்திருந்தேன். எழுத்துப் பொத்தான்களை எல்லாம் கழற்றியாகிவிட்டது. தலைமுடியை வெளுக்க அழகு நிலையங்களில் பூசுவார்களே, அந்தக் கிரீமை மை பூசும் பிரஷால் தடவி, அது காயாதபடி மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுற்றி வெயிலில் வைக்க வேண்டும். பழுப்பேறிய பிளாஸ்டிக் மூன்று நான்கு மணி நேரத்தில் பால்போல ஆகிவிடும்.

ஆனால் அரை மணிக்கு ஒருதரம் திருப்பி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் திட்டுத் திட்டாக வெளுக்கும். நான் கீழே அறைக்கும் மேலே மாடிக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். செருப்பை மாட்டக்கூடப் பொறுமை இல்லை. உள்ளங்கால் பொசுங்கியது. தாளுக்கு அடியில் பழுப்பு கரைந்துகொண்டே வந்தது. அப்போதுதான் வெயிலைப் பார்த்து, "நல்லாருப்பே" என்றேன்.

இந்தத் தொடரில் இதுவரை நான் சரிசெய்து ஓடவைத்த பழைய கணினிப் பெட்டிகளைப் பற்றியே எழுதி வந்திருக்கிறேன். போன வாரம் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "நீங்கள் கெடுத்தது ஒன்றுகூடக் கிடையாதா தம்பி?"

இருக்கிறது. அந்த வெள்ளைப் பெட்டிதான்.

வயர் கூடை

கே.கே. நகரில் ஒரு சின்ன மருத்துவமனையில் சீட்டுப் பதிகிற இடத்தில் அப்போது எனக்கு வேலை. அங்கே கொடுத்திருந்த கணினி அடிக்கடி மக்கர் பண்ணும். அதனால் நான் உயிர்கொடுத்த கறுத்த, செங்கல் கனமுள்ள ஒரு பழைய மடிக்கணினியைக் கொண்டுபோய் வைத்திருந்தேன். வருகிற நோயாளிகள் எல்லாம் அதை ஒரு பார்வை பார்ப்பார்கள். "இது இன்னும் ஓடுதாய்யா?" என்பார்கள். அந்தக் கேள்விக்காகவே வைத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

சர்க்கரை பார்க்க வந்த மெகருன்னிசா அம்மாவும் அதைத்தான் கேட்டார். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைத் துப்பட்டி. குரல் மட்டும் கொஞ்சம் கம்மலாக இருந்தது.

"தம்பி, இம்புட்டுப் பழசக்கூட ஓட வைக்கலாமா?"

"வைக்கலாம்மா. வீட்டுல இதே மாதிரி பதினோரு பெட்டி இருக்கு."

"பதினொண்ணா? பொண்ணு குடுக்க யோசிப்பாகளேய்யா."

சிரித்தேன். அவரும் சிரித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, முனிச்சாலைக்குப் பக்கத்தில் நான் குடியிருந்த மாடி அறைக்கு, பச்சை வயர் கூடையில் துண்டு சுற்றி அந்த வெள்ளைப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அது அவர் கணவர் காதர் பாயுடையது. பழைய ஊருக்குள் ஒரு அச்சகத்துக்குப் பத்திரிகை வடிவமைத்துக் கொடுத்தவர். நிக்காஹ் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, பூப்புனித நீராட்டு விழா, தேர்தல் நேரத்தில் வாழ்த்துச் சுவரொட்டி, எல்லாம் செய்வார். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிதான் அவரிடம் அதிகம் வருமாம். யார் வீட்டில் சாவு என்றாலும் அழுகிற சத்தத்தோடு பாய்க்குத்தான் முதல் போன். ஒரு மணி நேரத்தில் முடித்துக் கொடுத்துவிடுவார். ஊரே ஒட்டிய அஞ்சலிகளைச் செய்த மனிதர் போனபோது, அவருக்கென்று ஒன்று அடிக்கலாமா என்று அச்சகத்துக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். படம் வேண்டும் என்றார்களாம். படம் இல்லை.

"எங்க வீட்டுல போட்டோ மாட்டுறதில்ல தம்பி. அவுகளும் கேமராவக் கண்டா ஓடிருவாக. ஆதார்ல இருக்கதுதான் ஒண்ணே ஒண்ணு. அதுல அவுக வேற யாரோ மாதிரி இருப்பாக."

பெட்டியை என் மேசையில் வைத்துத் திறந்தார். விசைப்பலகைக்குக் கீழே, தட்டச்சு செய்கிறவர் கைகளை ஊன்றுகிற இடத்தில், இரண்டு பக்கமும் பழுப்பேறிக் கிடந்தது. அந்த மாதிரி வெள்ளைப் பெட்டிகளுக்கே உள்ள சீக்கு அது. வியர்வையும் எண்ணெயும் பிளாஸ்டிக்குக்குள் இறங்கிவிடும். வலப்பக்கம் கொஞ்சம் கூடுதல் கறுப்பு.

அந்த அம்மா பேசி முடிக்கும் வரை தன் இரண்டு உள்ளங்கைகளையும் அந்த இடத்திலேயே வைத்திருந்தார். நான் அதைப் பார்த்தேன். பார்த்தேன், அவ்வளவுதான்.

ஒரே ஒரு சத்தம்

"உள்ள இருக்குற பைலு எல்லாம் எடுக்கணுமாம்மா?"

"அதெல்லாம் யாருக்கு வேணும். ஊரார் வீட்டுக் கல்யாணமும் சாவும்தான் இருக்கும். சத்தம் வரணும், அது போதும்."

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார்.

அந்தப் பெட்டியைத் திறந்து பொத்தானை அழுத்தினால், திரை வெளிச்சமாகும் முன்பு ஒரு மணியோசை வரும். ஒரே ஒரு தடவை, நீளமாக, நாலைந்து தந்திகளைச் சேர்த்து மீட்டியதைப் போல. காதர் பாய் விடிகாலையில் பள்ளிவாசலில் ஃபஜர் தொழுதுவிட்டு வந்து நேராகப் பெட்டியின் முன்னால் உட்காருவார். அடுப்படியில் நிற்கும் இந்த அம்மாவுக்கு அந்தச் சத்தம் கேட்டதும் தேத்தண்ணி போட வேண்டும் என்று அர்த்தம். "ஏ புள்ள, தேத்தண்ணி போடு" என்று அவர் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லையாம். அந்தச் சத்தம்தான் சொல்லும்.

அவர் மவுத்தான பிறகு, நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல் வீட்டுக்குள்ளேயே இருக்கும் இத்தா காலத்தில், இந்த அம்மா தினமும் காலையில் பெட்டியைத் திறந்து பொத்தானை மட்டும் அழுத்தியிருக்கிறார். சத்தம் வரும். கொஞ்ச நேரம் முன்னால் உட்கார்ந்திருப்பார். மூடி வைத்துவிடுவார். இத்தா முடிய ஒரு வாரம் இருக்கும்போது சத்தம் நின்றுவிட்டது. அதற்குப் பதில் மூன்று தடவை 'பீப்' என்று கத்தியதாம்.

"நோன்பு வருதுல்ல தம்பி. மொத நோன்பு அன்னிக்குக் காலைல அந்தச் சத்தத்தக் கேட்டுறணும். குடுத்துருவியா?"

"நோன்புக்கு இன்னும் பத்து நாள் கிடக்கேம்மா. கண்டிப்பாத் தாரேன்."

படியிறங்கும்போது திரும்பி, "வேற ஒண்ணும் பண்ண வேண்டாம்ப்பா, என்ன?" என்றார். நமக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்களே, அந்த வகையில் நான் அதை எடுத்துக்கொண்டேன்.

அழிரப்பர்

பழுது என்னவென்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. மூன்று பீப் என்றால் நினைவகச் சில்லு சரியாக ஒட்டவில்லை என்று பொருள். அடியில் பேட்டரியைக் கழற்றி, மூன்று திருகாணிகளை எடுத்தால் அந்தச் சில்லு வெளியே வந்துவிடும். அதன் விளிம்பில் உள்ள செம்பு நிறப் பற்கள் கறுத்திருந்தன. பள்ளிப்பிள்ளைகள் பென்சில் எழுத்தை அழிக்கிற ரப்பரால் நாலு தேய்ப்பு. திரும்பச் செருகிப் பொத்தானை அழுத்தினேன்.

வந்தது அந்த ஓசை. என் அறையில் இருந்த பழைய பெட்டிகள் எல்லாம் ஒரு கணம் வாயடைத்து நின்றதுபோல இருந்தது.

பத்து நிமிஷ வேலை. அன்று மாலையே போன் பண்ணியிருக்கலாம்.

நான் பண்ணவில்லை. ஏனென்றால் அந்தப் பெட்டி அழுக்காக இருந்தது.

ரேகை

அழுக்கைக் கண்டால் எனக்கு ஏன் அப்படி ஆகிறது என்று பிறகு யோசித்திருக்கிறேன். ஒரு சம்பவம் மட்டும் திரும்பத் திரும்ப வரும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா வாடிப்பட்டியில் அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். பதினொன்றாம் வகுப்பில் சேர ஒரு விண்ணப்பம் கொடுத்தார்கள். பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் அப்பா கட்டை விரலை மையில் தோய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஏதோ பச்சைப் பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல அந்தக் காகிதத்தில் வைத்தார். நன்றாகத்தான் விழுந்திருந்தது.

மறுநாள் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவன் காகிதத்தில் பேனாக் கையெழுத்து. அவனுக்கு முன்னால் நின்றவனுடையதிலும். நான் வரிசையை விட்டு விலகி, வேப்பமரத்துக்குப் பின்னால் போய், ரப்பரை எடுத்து அப்பாவின் ரேகையைத் தேய்த்தேன். அது போகவில்லை. காகிதம்தான் கிழிந்தது. தொலைந்துவிட்டது என்று பொய் சொல்லி வேறு விண்ணப்பம் வாங்கி, அப்பாவின் பெயரை நானே கையெழுத்தாகப் போட்டேன்.

சாயங்காலம் அப்பா கேட்டார். விரலில் அந்த நீல மை இன்னும் இருந்தது. கழுவாமல் வைத்திருந்தார்.

"என்னய்யா, ரேகை நல்லா விழுந்துருந்துச்சுன்னாகளா?"

"ஆமாப்பா."

அவர் இன்றைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். இதைப் படித்துக் காட்ட வீட்டில் என்னைத் தவிர ஆள் இல்லை.

அடுத்த வருஷம் அரசாங்கம் கொடுத்த இலவச மடிக்கணினி கைக்கு வந்தது. கெட்டுப்போனபோது சரிபண்ணக் காசில்லாமல் நானே பிரித்தேன். அதுதான் இந்தப் பைத்தியத்தின் தொடக்கம். முதல் வாரமே எழுதிவிட்டேன்.

வெள்ளையடிக்கிற வியாதி

தெற்குவாசல் பக்கம் பழைய சாமான் கடை வைத்திருக்கும் பாண்டி என் கூட்டாளி. எனக்கு உதிரிபாகம் எல்லாம் அவன் குவியலிலிருந்துதான் வரும். அந்த வெள்ளைப் பெட்டிக்குச் சுட்டியை நகர்த்தும் பலகையின் கீழே ஒரு நீளப் பொத்தான் இருக்கும். அது தேய்ந்து மஞ்சளாகிக் கிடந்தது. மாற்றுப் பொத்தான் கேட்டுப் போனேன்.

"பொட்டி ஓடுதா மாப்ள?"

"ஓடுது."

"அந்தம்மா என்ன கேட்டுச்சு?"

"ஓடணும்னுச்சு."

"அப்பறம் எதுக்கு இங்க நிக்கிற? கொண்டுபோய்க் குடுத்துட்டு ஒரு டீயக் குடிச்சுட்டு வா."

"இல்ல மாப்ள, புதுசு மாதிரி ஆக்கிக் குடுத்தா அந்தம்மாவுக்கு எம்புட்டு சந்தோசமா இருக்கும்!"

"ஒனக்கு வெள்ளையடிக்கிற வியாதிடா. பொணத்துக்குப் பவுடர் பூசுற ஆளு நீயி."

அவன் குவியலில் கிடைத்த பொத்தானோ நடுவில் கீறியிருந்தது. வேறு வந்தால் சொல்வதாகச் சொன்னான்.

நான் முழுப் பெட்டியையும் பிரித்தேன். திருகாணிகளை என் அம்மாவின் பழைய அஞ்சறைப் பெட்டியில் அளவு பார்த்துப் போட்டேன். கடுகு இருந்த கிண்ணத்தில் சிறியவை, மிளகு இருந்ததில் கட்டையானவை. அந்தத் தேய்ந்த பொத்தானையும் கழற்றி ஒரு கிண்ணத்தில் போட்டு மூடினேன். எழுத்துப் பொத்தான்களைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டேன். கை ஊன்றும் இடத்தைச் மருத்துவமனை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். பஞ்சு பஞ்சாகக் கறுப்பு வந்தது. வர வர எனக்கு உற்சாகம்.

முதல் நோன்புக்கு இரண்டு நாள் முன்னால் அந்த அம்மாவிடமிருந்து போன்.

"ஆச்சா தம்பி?"

"இன்னும் ஒரு வாரம்மா. பாத்தா அசந்துருவீங்க."

"சரிப்பா. மெல்லச் செய்யி" என்றார்.

நடுவில் மூன்று நாள் மேகம். பிறகு வெயில் வந்தது. வெயிலுக்கு நன்றி சொன்னது அன்றைக்குத்தான்.

பழைய கணினிகளைச் சீர்செய்கிற எங்கள் வாட்ஸ்அப் குழுவில் முன்பும் பின்பும் எடுத்த படங்களைப் போட்டேன். யாரோ ஒருவர், "யப்பா, எம்புட்டு அழுக்கு! மனுசன் கையா அது?" என்று எழுதி, சிரிக்கிற மஞ்சள் முகங்களை வரிசையாகப் போட்டிருந்தார். நானும் ஒரு மஞ்சள் முகம் போட்டேன்.

கஞ்சித் தூக்கு

நோன்பு பாதி தாண்டிய ஒரு சாயங்காலம் அந்த அம்மா வந்தார். ஒரு கையில் பச்சைக் கூடை. இன்னொரு கையில் சின்னத் தூக்குச் சட்டி. பள்ளிவாசலில் ஊற்றிய நோன்புக் கஞ்சி. மூடியைத் தாண்டி வெந்தயமும் பூண்டும் மணத்தது. வெயிலில் நடந்து வந்ததில் உதடு காய்ந்திருந்தது. தண்ணீர் தரக்கூட முடியாத நேரம்.

"நீ சாப்புடு தம்பி. நான் நோன்பு தொறக்குறதுக்குள்ள வீட்டுக்குப் போயிருவேன்."

பெட்டியை மேசை நடுவில் துணி விரித்து வைத்திருந்தேன். கடையிலிருந்து பிரித்ததுபோல இருந்தது. அவர் உட்கார்ந்ததும், "மொதல்ல சத்தத்தக் கேளுங்கம்மா" என்று பொத்தானை அழுத்தினேன்.

அந்த மணியோசை எழுந்தது.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். துப்பட்டி நுனியை வாயில் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு "அல்லா" என்று ஒரே ஒரு சொல். இதற்காகத்தானே இத்தனை பாடு என்று நினைத்தேன்.

"மொத நோன்புக்கே கேட்டுறணும்னு இருந்தேன். பரவால்ல. வந்துருச்சுல்ல."

"மேலயும் பாருங்கம்மா. முழுசும் சுத்தம் பண்ணிட்டேன். இந்த ஒரு பட்டன் மட்டும் பழசு, மாத்துப் பட்டன் கெடைக்கல. கெடைச்சதும் நானே வந்து மாத்தித் தாரேன்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வழக்கம்போல இரண்டு கைகளையும் பெட்டியின் மீது ஊன்றப்போனார். ஊன்றவில்லை. அப்படியே அந்தரத்தில் நிறுத்தினார். குனிந்து இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். பெட்டியைச் சற்றே சாய்த்து சன்னல் வெளிச்சத்தில் பார்த்தார்.

"அவுக கை எங்க தம்பி?"

"என்னம்மா?"

"கை. இந்தா, இங்கனக்குள்ள இருந்துச்சே. ரெண்டு கையும்."

எனக்கு அப்போதும் உடனே விளங்கவில்லை. அது விளங்கிய நொடியை என்னால் எழுத முடியவில்லை. முதல் நாள் தன் கைகளை அந்த அம்மா எங்கே வைத்திருந்தார் என்பது மட்டும் கண்முன்னால் வந்து நின்றது.

"அழுக்குன்னு நெனச்சுட்டேம்மா."

"அழுக்குத்தான்" என்றார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சட்டை, கைலி எல்லாம் நாப்பதாம் நாளே எடுத்துக் குடுத்துட்டோம். மூக்குக் கண்ணாடி மகளோட துபாய் போயிருச்சு. இது ஒண்ணுதான் அவுக கை அளவுக்கு அப்படியே இருந்துச்சு. நான் வச்சா என் கை உள்ளுக்குள்ள அடங்கிப் போகும்."

நான் அவசரமாகப் போனை எடுத்தேன். 'முன்பு' என்று போட்டிருந்த படத்தைத் திறந்தேன். "இந்தா இருக்கும்மா, பாருங்க. பெருசாப் பிரிண்ட் போட்டுத் தாரேன்." கீழே தெரிந்த மஞ்சள் முகங்களைக் கட்டை விரலால் மறைத்துக்கொண்டேன்.

அவர் வாங்கிப் பார்த்தார். அந்த இரண்டு பழுப்புத் திட்டுகளின் மேல் தன் சுண்டு விரலை வைத்தார். திரை எங்கோ நகர்ந்துபோனது. திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இதுல கைய வைக்க முடியாதேப்பா."

தெருவில் யாரோ பூ விற்றுக்கொண்டு போனார்கள். கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். என் முகத்தைப் பார்த்து அவரே தேற்றத் தொடங்கினார். "அட விடுய்யா. நீ நல்லதுன்னுதானே செஞ்ச. புள்ள மாதிரி மெனக்கெட்டிருக்க. நாந்தான் வெவரமாச் சொல்லிருக்கணும். இதப் போயி யாருகிட்டச் சொல்றதுன்னு இருந்துட்டேன்."

நோன்பு துறக்கும் நேரம் நெருங்கியது. மூடுவதற்காக அவர் பெட்டியின் பக்கம் கை நீட்டினார். அப்போது அவருடைய கட்டை விரல் அந்தப் பழைய பொத்தானில் பட்டு நின்றது.

அதன் இடது ஓரத்தைத் தடவினார். மறுபடியும் தடவினார்.

"இது ஏன் இங்கன மட்டும் வழுவழுன்னு இருக்கு?"

நான் எட்டிப் பார்த்தேன். பொத்தானின் மற்ற இடமெல்லாம் மெல்லிய சொரசொரப்பு. இடது ஓரத்தில் மட்டும், கட்டை விரல் அளவுக்கு, தேய்ந்து பளிங்காகிக் குழிந்திருந்தது. பல வருஷமாக, ஊராரின் கல்யாணத்துக்கும் சாவுக்கும் அழுத்தி அழுத்தி வந்த குழி.

"அவுங்க அழுத்துன எடம்மா" என்றேன்.

அவர் அந்தக் குழியில் தன் விரலை வைத்து ஒரு தடவை அழுத்தினார். 'டிக்' என்றது.

"இத மாத்திறாத தம்பி."

"மாத்தல. மாத்தவே மாட்டேம்மா."

நான் துண்டைச் சுற்றப்போனேன், அவர் விடவில்லை. பெட்டியை அப்படியே கூடைக்குள் நிறுத்தி வைத்தார். "வாரேன்" என்று படியிறங்கினார். நான் மாடிச் சுவரோரம் நின்று பார்த்தேன். ஷேர் ஆட்டோ வந்தது. கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பெட்டியின் மூடியைச் சற்றே திறந்து கையை உள்ளே விட்டார். ஆட்டோ முனை திரும்பும் வரைக்கும் அந்தக் கை வெளியே வரவில்லை.